நீலகிரிக்குப் போகலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் சமவெளியில் வாழ்வோருக்கு மலையின் நினைவு வருவது இயற்கை. வெயில் ஏற ஏறச் சென்னையிலும் சேலத்திலும் கோயமுத்தூரிலும் குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்குகின்றன. இதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சென்னை ராஜதானியின் கவர்னரும் அவருடைய பரிவாரங்களும் கோடைதோறும் அநுபவித்து வந்த குளிர்ச்சியை, இன்று ஓர் ஆலைத் தொழிலாளி தம் மனைவி மக்களுடன் அநுபவிக்கிறார் என்றால், அது சுதந்திரம் தந்த பலன்களில் ஒன்றேயாகும்.

ஆயினும் மலைக்கும் ஒரு கட்சி உண்டு. அதற்காக வாதாடவும் யாராவது வேண்டும். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பர்லியாற்றுக்கு மேலே ஒரு கொண்டையூசி வளைவில் நாம் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றோம். முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய மட்டும் மோட்டார்கள். ஐந்து பேர் அமரக்கூடிய வண்டியில் இரண்டு பேர். குளிர்ச்சியைத் தேடி வந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, செயற்கைக் குளிர்ச்சியில் வீற்றிருந்தார்கள். சாலையோரத்துச் சுவரில் ஒரு தாய்க் குரங்கு பிளாஸ்டிக் உறையைக் கிழித்து உள்ளே இருந்ததை நக்கிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் நாமும் ஒரு மோட்டாரில்தான் இருந்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளும், பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைக் காடுகளும் வெறும் காட்சிப் பொருள்களல்ல. மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பின்னும் சிறிது சிறிதாக விடுவது அவற்றின் தொழில். பைக்காரா ஆறு கீழே இறங்கி மோயாறு ஆகிறது. மோயாறு பவானியில் சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் நாற்று நடுகிற விவசாயி உதகமண்டலத்தைக் கண்ணாலும் பார்த்திராதவராக இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு புல்வெளி அழிந்து விடுதியாக மாறினால், நஷ்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறினார். பிறகு வந்த வெள்ளையர், தோடர்களின் எருமைகள் மேய்ந்து வந்த புல்வெளியைத் தரிசு என்று எண்ணி, யூகலிப்டஸையும் வாட்டிலையும் நட்டார்கள். அது அன்னியரின் அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. அவர்கள் கப்பலேறிய பின்பும் நம்முடைய காட்டிலாகா அதே மரங்களை நட்டுக்கொண்டுதான் இருந்தது. சலிவன் உண்டாக்கிய ஏரியில் ஊர்ச் சாக்கடையைக் கலக்கவிட்டதும் நாம்தான்.

இந்நிலையில் சென்னை ஹைகோர்ட் தலையிட்டது. 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் என்னும் முன் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. மறு ஆண்டுக் கோடையில், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வண்டிகளும் வார இறுதி நாட்களில் 8,000 வண்டிகளும்தான் போகலாம் என்று வரம்பும் கட்டியது. வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். அவர்களுடைய குறையை அலட்சியம் செய்வதற்கில்லை. மூன்று மாத வருமானத்தைக் கொண்டு பன்னிரண்டு மாதம் ஜீவிக்கிற தங்கும் விடுதிக்காரரும், கடன் வாங்கி டாக்சி ஓட்டுகிறவரும் அங்கே அநேகர்.

ஏழைகளின் பிரயாணத்தை இது தடுக்கிறது என்று சிலர் கூறுவதைத்தான் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. உத்தரவைச் சரியாகப் படித்தால், எண்ணப்படுவது மனிதர்களல்ல, வண்டிகள். சர்க்கார் பஸ்களுக்கும் ரயிலுக்கும் வரம்பே இல்லை. ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறினால் மலைக்கு ஒரு வண்டிப் பாரம்; அவர்களே இரண்டிரண்டு பேராகப் புறப்பட்டால் இருபத்தைந்து வண்டிப் பாரம். பஸ்ஸில் போகிற ஏழையை இந்த உத்தரவு தொடவில்லை. அது கேட்பதெல்லாம் சொந்த மோட்டார் வைத்திருப்பவரிடம் கொஞ்சம் அடக்கம்.

மகாத்மா காந்தி 1909-ல் எழுதிய ‘ஹிந்த் சுவராஜ்’ நூலில் ரயிலைக் கடுமையாகக் கண்டித்தார். முன்பு கஷ்டப்பட்டு நடந்து சென்றதால் உண்மையான பக்தர்களே புண்ணிய ஸ்தலங்களை அடைந்தார்கள், ரயில் வந்தபின் அவை மாசுபட்டன என்பது அவர் வாதம். அந்த நூலை அவர் எழுதியதோ லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில்! பிறகு இந்தியா முழுவதும் அவர் சுற்றியதும் அதே ரயிலில்தான். இதை முரண்பாடு என்று நகைப்பவர் உண்டு. நமக்கோ அதில் ஒரு வழி தெரிகிறது. அவர் பிரயாணத்தை விடவில்லை. மூன்றாம் வகுப்பில் போனார்.

மூன்றாம் வகுப்புக்கு ஈடானது நீலகிரிக்கு இன்றும் உண்டு. இரவில் சென்னையில் ரயில் ஏறுகிறவர் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். அங்கிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில். 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்டது. தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பற்றிக்கொண்டு ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமா என்று கேட்பவர் மலையைப் பார்க்க வரவில்லை, வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள வந்திருக்கிறார். அதுவும் புகை விடும் வண்டிதானே என்பார்கள், உண்மை. அது சிறு வண்டி, வருகிறவர் எல்லோருக்கும் இடம் போதாது என்பதும் உண்மை. ஆகையால்தான் பஸ்ஸைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மலையைப் பார்த்தவர்தாம் மலையைக் காப்பார் என்றும் பிரயாணப் பிரியர்கள் சொல்லக் கேட்கிறோம். நாமும் சில காலம் அப்படி நம்பினோம். நீலகிரியை ஒட்டியுள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சார அணை கட்டக் கேரள சர்க்கார் முனைந்தபோது, எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர்களில் எத்தனை ஆசிரியர்களும் கவிஞர்களும் அந்தக் காட்டில் காலடி வைத்திருப்பார்கள்? ஆயினும் அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. மறுபுறம், யானையைச் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம் என்று ஆசை காட்டிய விடுதிகள் சீகூரில் யானையின் வழியிலேயே நின்றன. அவற்றை அகற்ற 2011-ல் ஹைகோர்ட் தீர்ப்பளித்தும், சுப்ரீம் கோர்ட் 2020-ல் அதை உறுதி செய்ய வேண்டியிருந்தது. பார்க்கும் ஆசை மட்டும் காவலாகிவிடாது.

ஜனங்கள் திருந்தமாட்டார்கள் என்பதையும் நாம் ஏற்கவில்லை. 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நீலகிரி ஜில்லாவின் சர்க்கார் மதுக்கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த புட்டிகளில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது. (மலையில் மதுக்கடை எதற்கு என்ற கேள்வியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) உபதேசத்தால் ஆகாதது ஓர் ஏற்பாட்டால் ஆயிற்று.

சர்க்கார் செய்ய வேண்டியதும் அத்தகைய ஏற்பாடே. மேட்டுப்பாளையத்திலும் மற்ற மலையடிவாரங்களிலும் மோட்டார்களை விட்டுச் செல்ல விசாலமான இடம் வேண்டும். அங்கிருந்து கால்மணிக்கு ஒரு பஸ் புறப்பட வேண்டும். மூட்டையும் குழந்தையுமாக வருகிறவர் நின்றுகொண்டே மலையேற நேரக்கூடாது. மேலே ஊர் சுற்ற உள்ளூர் டாக்சிக்காரரையே அமர்த்திக்கொள்ளச் செய்தால், அவருடைய நஷ்டமும் ஒருவாறு ஈடாகும். நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. அந்த ஆண்டு மலையேற விரும்புவோர் எத்தனை லட்சம் இருப்பார்கள் என்பதை ஊகிக்க ஜோசியம் வேண்டாம்; இடம் தேடவும் பஸ் வாங்கவும் அதற்குள் அவகாசம் இருக்கிறது.