மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று: மோட்டார் சைக்கிள் கையுறை வாங்குவோர் கவனத்திற்கு

முன்பெல்லாம் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் தொரைமாரும் ஐயாமாரும் வைத்திருந்த சாமான். இன்று அப்படியில்லை. லயத்துக்கு இரண்டு மூன்று நிற்கிறது. டவுன் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், மரக்கறி ஏற்றப் போகிறவர்கள், இராத்திரி ஸ்டோர் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை ஸ்கூலில் கொண்டு விடும் தகப்பன்மார் என்று எல்லோருக்கும் அதுதான் கால். ஹெல்மெட் போடுகிறோம், போடாவிட்டால் பொலிஸ் பிடிக்கும். மழைக்கோட்டும் போடுகிறோம். கை மட்டும் வெறுங்கை. சட்டம் கேட்காததை நாமும் கேட்பதில்லை.

"கை நனைந்தால் என்ன, துடைத்துக்கொண்டால் போச்சு" என்று தம்பிமார் சொல்வார்கள். நனைவது பெரிய விஷயம் இல்லைதான். மரத்துப் போவதுதான் விஷயம். முன் பிரேக் வலது கையில் இருக்கிறது, கிளச் இடது கையில். ஸ்கூட்டர் என்றால் இரண்டு பிரேக்குமே கையில்தான். விரல் விறைத்துவிட்டால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று நமக்கே தெரியாது. மெதுவாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரேயடியாகப் பிடித்துச் சறுக்குவதும் உண்டு, பிடிக்க வேண்டிய நேரத்தில் விரல் மடங்காமல் போவதும் உண்டு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். விரல் அரைச் செக்கன் பிந்தினால் ஐந்தரை மீற்றர், அதாவது 18 அடி. நமது பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்தக் காம்பராவைத் தாண்டிப் போனபின்தான் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறோம் என்று அர்த்தம். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் உள்ள வளைவுகளில் 18 அடி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

மலைநாட்டில் இது ஏன் இவ்வளவு கடுமை? ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீற்றர் உயரம், நுவரெலியா 1868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை அளவில் குறையும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாவில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். இது காற்றில்லாமல் நிற்கும்போது. அதே 10 பாகையில் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் வெறுந்தோலுக்கு 6 பாகை மாதிரித் தெரியும். 5 பாகை என்றால் பூச்சியத்துக்கும் கீழே போய்விடும். இதற்கு மேல் கை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உடம்பு என்ன செய்யும் என்றால், நெஞ்சைக் காப்பாற்றுவதற்காக விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் விரல் வெளுத்து விறைக்கிறது. நெஞ்சில் காற்றுப் படாமல் மூடினால் கையும் கொஞ்சம் சூடாக இருப்பது இதனால்தான். ஜக்கெட்டுக்குள் பழைய பேப்பரை விரித்து வைக்கும் பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

சரி, எந்தக் கையுறை வாங்குவது? கடைக்காரர் ஒரு தடித்த கறுப்புச் சோடியைக் காட்டி "இது மழை, பனி, வெயில் எல்லாத்துக்கும் சரி" என்பார். எங்கள் அபிப்பிராயம், அப்படி ஒன்று கிடையாது. மழைக்குச் சரியானது மார்ச் மாத வெயிலில் கையை அவித்துவிடும். வெயிலுக்குச் சரியானது கினிகத்தேனை மழையில் ஐந்து நிமிஷம் தாங்காது.

தண்ணீர் புகாத கையுறையின் இரகசியம் வெளித்தோலில் இல்லை, உள்ளே இருக்கிறது. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று வைத்திருப்பார்கள். 1969 இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர், ஒட்டாத சட்டிக்குப் பூசுகிற டெஃப்ளோன் வகைப் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்துப் பார்த்தபோது, அது கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் கொண்ட சவ்வாக நீண்டது. கோர்-டெக்ஸ் வந்தது அப்படித்தான். அந்தத் துவாரம் மழைத்துளிக்குச் சின்னது, வியர்வை ஆவிக்குப் பெரியது. வெளித்தண்ணீர் உள்ளே வராது, கையின் ஈரம் வெளியே போகும். இப்போது வேறு பெயர்களிலும் விலை குறைந்த சவ்வுகள் வருகின்றன. சவ்வு இல்லாத கையுறையில் தையல் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. லேபலில் "வோட்டர் ரெசிஸ்டன்ட்" என்றிருந்தால் தூறலுக்குத் தாங்கும் என்று மட்டும்தான் கருத்து. "வோட்டர் புரூப்" என்று போட்டிருக்க வேண்டும். அதையும் அப்படியே நம்பாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கையில் போட்டுக்கொண்டு, மணிக்கட்டு விளிம்பு முங்காமல் வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பில்லை எறிந்துவிடக் கூடாது.

இனிக் காலத்தைப் பார்ப்போம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம்தான் அடி. வட்டவளையில் வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டும். நுவரெலியா டவுனில் அதில் பாதியும் இல்லை. ஆகவே ஹட்டன் பக்கத்து ஆட்கள் முதல் காசைச் சவ்வு வைத்த கையுறைக்குத்தான் போட வேண்டும். உள்ளே தடித்த பஞ்சு தேவையில்லை. அந்த மாதங்களில் அங்கே குளிரைவிட ஈரம்தான் எதிரி. பஞ்சு கூடினால் பிரேக் கம்பி விரலுக்குத் தெரியாது.

ஒக்டோபர், நவம்பர் வேறு கதை. காலையில் நல்ல வெயில், பகல் இரண்டு மணிக்கு இடியும் மழையும். இந்த மாதங்களில் மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு, மழைக்கையுறையைச் சீட்டுக்குக் கீழேயோ பையிலோ வைத்துக்கொள்வது நல்லது. மழை பிடித்த பிறகு மாற்றுவதில் பிரயோசனமில்லை. ஈரக் கையை உள்ளே விட்டால் உள்துணி நனைந்து அன்றைக்கு முழுக்கக் காயாது. இருட்டிக்கொண்டு வரும்போதே நிறுத்தி மாற்றுங்கள்.

டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை மழை அந்தப் பக்கம் மாறிவிடும். இராகலை, உடப்புசல்லாவை, கந்தப்பளையில் தூறலும் மூடுபனியும். மழை விட்ட தெளிந்த இரவுகளில் நுவரெலியா, அம்பேவளைப் பக்கம் உறைபனி கொட்டித் தேயிலைக் கொழுந்தே கருகிப் போகும். கொழுந்து கருகும் பனியில் விரல் என்ன பாடுபடும்? இங்கேதான் பஞ்சு வைத்த கையுறை வேண்டும். அதுவும் புறங்கைப் பக்கம் தடிப்பாகவும் உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாகவும் இருப்பதைப் பாருங்கள். காற்று அடிப்பது புறங்கையில், பிரேக்கைத் தொடுவது உள்ளங்கைப் பக்கம். கம்பளி நூல் கையுறை மட்டும் போட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று அதற்குள் சல்லடையில் போகிற மாதிரிப் போகும், கைபிடியும் வழுக்கும். மழைக்கையுறை கொஞ்சம் லூசாக இருந்தால் அதற்குள்ளே போட அந்த நூல் கையுறை உதவும். இந்த வகையில் இரண்டு சோடியை வைத்து மூன்று காலத்தைச் சமாளிக்கலாம்.

மார்ச், ஏப்ரலுக்குச் சவ்வு வேண்டாம். மெல்லிய தோல் அல்லது துணிக் கையுறை போதும். வெயில்தானே, என்னத்துக்குக் கையுறை என்று கேட்பீர்கள். விழுகிற மனிதன் முதலில் ஊன்றுவது கையைத்தான். தார் ரோட்டில் உள்ளங்கை உரிந்தால் கொழுந்தும் எடுக்க முடியாது, கவ்வாத்துக் கத்தியும் பிடிக்க முடியாது. எத்தனை நாள் பேர் போகும் என்று கணக்குப் பாருங்கள்.

விலையைப் பார்த்துவிட்டுச் சிலர் வேறு வழி தேடுகிறார்கள். அதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்தடிக்கும் வேலைக்குத் தோட்டத்தில் கொடுக்கும் இறப்பர் கையுறையை மோட்டார் சைக்கிளுக்குப் போடாதீர்கள். கழுவினாலும் மருந்து அதன் உள்ளும் மடிப்பிலும் இருக்கும். கையில் வியர்த்து ஊறும்போது அது தோல் வழியாக உடம்பில் இறங்கும். அந்தக் கையால் பிள்ளைக்குப் பணிஸ் வாங்கிக் கொடுக்கிறோம். கல்லுக் கையுறை மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போன தம்பி ஒருவருக்கு நாங்கள் இதைச் சொல்லியும் இருக்கிறோம், அவர் கேட்டுக்கொண்டார்.

சமையலறைக்கு விற்கும் புதிய இறப்பர் கையுறை விஷம் இல்லை. நம் நாட்டு இறப்பர்ப் பாலில்தான் செய்கிறார்கள். ஹேலீஸ் குழுமத்தின் டிப்ட் புரொடக்ட்ஸ் கம்பெனி 1976 முதல் இருக்கிறது. பெரிய சைஸ் ஒன்றை வாங்கி மெல்லிய கையுறைக்கு மேலே மாட்டினால் அவசர மழைக்கு ஒரு மணித்தியாலம் ஓடலாம். உள்ளே வியர்க்கும், விழுந்தால் கிழியும், ஆனாலும் வெறுங்கையைவிட நூறு மடங்கு நல்லது. சொப்பிங் பேக்கைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுவதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஈரக் கைபிடியில் அது வழுக்கும், கிளச்சிலும் மாட்டும்.

கடையில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கையுறையோடு முஷ்டி பிடியுங்கள். வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே இரண்டு விரலால் பிரேக்கை எட்டிப் பிடித்துப் பாருங்கள். விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். இறுக்கமானால் இரத்தம் ஓடாது, அப்புறம் எவ்வளவு பஞ்சு இருந்தும் குளிரும். பிறகு கையை வேகமாக வெளியே இழுங்கள். உள்துணியும் கூடவே வெளியே வந்தால் அந்தச் சோடியை வைத்துவிட்டு வாருங்கள். ஈரக் கையோடு ஒருநாள் கழற்றினால் விரல் துணி சுருண்டு, மறுபடி விரல் உள்ளே போகாது. மோட்டார் சைக்கிளுக்கென்று சோதித்த கையுறையில் ஈஎன் 13594 என்ற ஐரோப்பிய இலக்கம் இருக்கும்; அதே இலக்கத்தைச் சும்மா அச்சடித்தவையும் வரலாம், ஆகவே தையலையும் உள்ளங்கைத் தோலையும் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இடது பெருவிரலில் சின்ன இறப்பர்த் தகடு வைத்தவை உண்டு, ஹெல்மெட் கண்ணாடியில் மழைத்தண்ணீரை வழிக்க வசதி. நிறத்தில் கறுப்பையே எடுக்க வேண்டாம். றம்பொடை, நானுஓயா மூடுபனியில் கை காட்டித் திரும்பும்போது மஞ்சள் பட்டியாவது பின்னால் வருகிறவருக்குத் தெரியும்.

போடும் முறையும் இருக்கிறது. நம்முடைய வண்டிகளில் நிமிர்ந்து உட்காருவதால் முழங்கையிலிருந்து கை கீழே சரிந்திருக்கும். கோட்டில் விழும் தண்ணீர் அந்த வழியே ஓடி வரும். கையுறை விளிம்பு கோட்டுக் கைக்கு வெளியே இருந்தால் அது வாளி மாதிரி நிரம்பும். ஆகவே விளிம்பைக் கோட்டுக் கைக்குள்ளே விட்டுக் கட்டுங்கள்.

பின்னால் உட்காரும் மனைவியின் கையையும் கவனியுங்கள். கொழுந்தெடுத்து வெடித்த விரல். அந்த வெடிப்பில் குளிர்காற்று படுவது எப்படியென்று அவரைக் கேட்டால் தெரியும். பிள்ளைக்குக் காலுறையைக் கையில் மாட்டிவிடுவதை விட, ஒரு சின்னச் சோடி வாங்கிக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் விறைத்த கையை அடுப்பு நெருப்பில் காட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத விரல் சுட்டாலும் தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். அக்குளுக்குள் வைத்தோ இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்தோ மெதுவாகச் சூடேற்றுங்கள். கையுறையையும் அடுப்புக்கு மேலேயோ ஸ்டோர் டிரையர் பக்கத்திலோ தொங்கவிட வேண்டாம். தோல் வறட்டி மாதிரி ஆகும், சவ்வை ஒட்டிய பசை விட்டுவிடும். பேப்பரைச் சுருட்டி விரல்களுக்குள் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றினால் காலைப் பெரட்டுக்குள் அநேகமாகக் காய்ந்திருக்கும்.