சுகர் சொல்லுமாம் கைக்கடிகாரம்! நம்பிடாதீங்க!!

"ஸ்மார்ட் வாட்ச்" வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு...

சென்னை:
கடற்கரை-தாம்பரம் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில் எல்லாம் கறுப்புச் சதுரம் மின்னுகிறது. அதுதான் ஸ்மார்ட் வாட்ச்!

அந்தக் காலத்தில் வாட்ச் வாங்குவது சுலபம். எச்.எம்.டி.யா, டைட்டனா? மணி சரியாகக் காட்டுதா? அவ்வளவுதான் கேள்வி.

இப்போது அப்படி இல்லை. எத்தனை அடி நடந்தீர்கள், நெஞ்சு எப்படித் துடிக்கிறது, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எல்லாம் சொல்கிறது வாட்ச். விலையோ ஆயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்து நாற்பதாயிரத்தைத் தாண்டி ஓடுகிறது.

எதை வாங்குவது? அதைவிட முக்கியம், அது சொல்வதில் எதை நம்புவது? இது காசு விஷயம் மட்டும் அல்ல. சில பேருக்கு உயிர் விஷயம்!

பச்சை விளக்கு

வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். நெஞ்சு ஒரு தடவை துடித்ததும் மணிக்கட்டில் ரத்தம் கூடும். திரும்பி வரும் வெளிச்சம் குறையும். அடுத்த துடிப்புக்கு முன்னால் ரத்தம் குறையும், வெளிச்சம் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித் துடிப்பைச் சொல்கிறது வாட்ச்.

வார் தொளதொளவென்று இருந்தால் கணக்கு தப்பும். கை ரொம்ப ஆடினாலும் தப்பும். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால், அந்த மையே வெளிச்சத்தை மறைத்துவிடும்!

அடி எண்ணும் வேலை வேறு. உள்ளே இருக்கும் சிறு சில்லு கை அசைவைக் கவனிக்கிறது. கையை வீசி நடந்தால் எண்ணும். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை ஆடாது, எண்ணிக்கை குறையும். பஸ்ஸில் உட்கார்ந்து குலுங்கினால் நடக்காத அடியும் கணக்கில் ஏறலாம்!

கலோரி கப்சா

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். 60 பேர் கையில் 7 வகைக் கருவிகளைக் கட்டிப் பார்த்தார்கள்.

ஏழில் ஆறு, நாடித் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொன்னது. பரவாயில்லை!

ஆனால் உடம்பு எரித்த கலோரிக் கணக்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. நல்லதாக இருந்ததே சராசரி 27 சதவீதம் தப்பு. மோசமானது 93 சதவீதம் தப்பு!

"வாட்ச் 400 கலோரி காட்டுது, ரெண்டு போண்டா சாப்பிடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் உஷார்!

சுகர் டூப்

விஷயத்துக்கு வருவோம். "ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கையில் கட்டினாலே சுகர் தெரியும்" என்று சொல்லி விற்கும் வாட்ச்சுகள் உண்டு. மோதிரங்களும் உண்டு.

அமெரிக்க அரசின் உணவு-மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதற்கு எச்சரிக்கை விட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்ச்சுக்கும், எந்த மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அது அறிவித்தது.

"அமெரிக்காக்காரன் சொன்னா நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்குத்தான் ரொம்ப முக்கியம். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி!

ஒருவர் இன்சுலின் போடுகிறார் என்று வையுங்கள். சுகர் உண்மையில் குறைந்து கிடக்கிறது. வாட்ச் கூடக் காட்டுகிறது. அதை நம்பி ஊசியைக் கூட்டிப் போட்டால் என்ன ஆகும்? சில மணி நேரத்தில் மயக்கம், நினைவிழப்பு. உயிரே போகலாம்!

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புஜத்திலோ வயிற்றிலோ ஒட்டும் சுகர் வில்லை ஒன்று இருக்கிறது. அதில் மெல்லிய இழை தோலுக்குள் போகிறது. அது அளந்ததை வாட்ச்சில் காட்ட முடியும். அங்கே அளப்பது வில்லை. வாட்ச் வெறும் அறிவிப்புப் பலகை!

பிரஷர் எப்படி?

பிரஷரும் கிட்டத்தட்ட அதே கதை. மலிவு வாட்ச் காட்டும் 120-80 பெரும்பாலும் குத்துமதிப்பு.

சாம்சங் வாட்ச்சில் பிரஷர் பார்க்கும் வசதி இருக்கிறது. அதற்கும் புஜத்தில் பட்டை கட்டிப் பார்க்கும் கருவி வேண்டும். அதோடு 28 நாளைக்கு ஒரு தடவை ஒப்பிட்டுச் சரி செய்தால்தான் வேலை செய்யும். ஓம்ரான் கம்பெனி, வாருக்குள்ளேயே காற்று நிரம்பி இறுக்கும் பட்டையை வைத்து ஒரு வாட்ச் கொண்டு வந்தது. பச்சை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு, எதனோடும் ஒப்பிடாமல் பிரஷர் சொல்லும் வாட்ச் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பிரஷர், சுகர் பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இலவசம்!

நெஞ்சு வலித்தால்...

2018-ல் ஆப்பிள் கம்பெனி வாட்ச்சில் ஈ.சி.ஜி. வசதி வந்தது. விரலை 30 விநாடி வைத்தால் கோடு வரையும். நாடி தாறுமாறாகத் துடிக்கும் ஒருவகைக் கோளாறைக் காட்டிக் கொடுக்கும். அந்தக் கோளாறை விட்டுவைத்தால் பக்கவாதம் வரலாம். ஆகவே அது நல்ல வசதிதான்.

ஆனால் மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது. இதை அந்தக் கம்பெனியே சொல்கிறது. நெஞ்சை அடைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, இடது கை வலிக்கிறது என்றால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள்!

10 ஆயிரம் அடி

"தினம் பத்தாயிரம் அடி நடக்கணும்" என்கிறதே வாட்ச், அது எந்த டாக்டர் சொன்னது? டாக்டர் சொன்னது அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் "மான்போ-கெய்". "பத்தாயிரம் அடி மானி" என்று அர்த்தம். பெயர் ஜோராக இருந்தது, உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது!

2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களை வைத்து ஆராய்ந்தார்கள். தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடி வரை பலன் ஏறியது. அதற்கு மேல் நின்றுவிட்டது.

ஆகவே பத்தாயிரம் வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா? அதைப் பாருங்கள். அந்த வேலைக்கு மலிவு வாட்ச்சே போதும்!

யாருக்கு எது?

நடக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு மெல்லிய பட்டை போன்ற "பேண்ட்" போதும். சார்ஜ் பல நாள் நிற்கும்.

கடையில் கல்லாவை விட்டு நகர முடியாதவர்களுக்குப் போன் அழைப்பைக் காட்டும் வாட்ச் வசதி.

மெரினாவில் ஓடுகிறவர்களுக்கு ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரம் அளக்கப் போனையும் சுமந்து ஓட வேண்டும்.

தனியாக இருக்கும் வயசானவர்களுக்குக் கீழே விழுந்தால் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் வாட்ச் நல்லது. விலை கூடத்தான்.

கடையில் கேளுங்க!

1. "என் போனோட சேருமா?" ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் சேரும். இப்போதைய சாம்சங் வாட்ச் ஐபோனோடு சேராது. வாங்கின பிறகு கையைப் பிசையாதீர்கள்!

2. "சார்ஜ் எத்தனை நாள்?" சில வாட்ச்சைத் தினமும் போட வேண்டும். ராத்திரி சார்ஜில் கிடந்தால் தூக்கத்தை எப்படி அளக்கும்?

3. "தண்ணி பட்டா?" 50 மீட்டர் என்று போட்டிருந்தால் 50 மீட்டர் ஆழம் முங்கலாம் என்று அர்த்தம் அல்ல. ஆடாத நீரில் வைத்துப் பார்த்த அழுத்தக் கணக்கு அது. சோப்பும் வெந்நீரும் கடல் தண்ணீரும் வாட்ச்சுக்கு ஆகாது.

4. அங்கேயே கட்டிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள். மற்றக் கையில் நாடி பிடித்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். வாட்ச் சொல்வதோடு ஒத்துப் போகிறதா? பத்துப் பதினைந்து வித்தியாசம் வந்தால், "வேற காட்டுங்க" என்று சொல்லுங்கள்.

5. பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா? ஸ்மார்ட் வாட்ச்சுக்கு அது கட்டாயம். "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அசலா, போலியா என்று தெரியும்.

6. பில் வாங்குங்கள். "பில் இல்லாம நூறு ரூபா கம்மி" என்றால் மயங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள்!

7. வாட்ச்சோடு வரும் செயலி உங்கள் போனில் உள்ள பெயர்ப் பட்டியல், இருக்கும் இடம் எல்லாம் கேட்கும். தேவை இல்லாததற்கு "வேண்டாம்" என்று தட்டிவிடுங்கள். அடி எண்ணுவதற்கு மாமியார் போன் நம்பர் எதற்கு?

வாட்ச் மணி சொல்லட்டும். நடையைச் சொல்லட்டும். நாடியைக்கூடச் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம். சுகரை மட்டும் ரத்தம்தான் சொல்ல வேண்டும்!