துள்ளாத பூனைக்குட்டி: சோம்பலா, இதயக் கோளாறா?

ஜார்ஜ்டவுன் – தெருப் பிராணிகள் மீது அன்பு காட்டச் சொல்லி 2013இல் ஆர்மேனியன் சாலைப் பகுதிச் சுவர்களில் பூனை ஓவியங்கள் வரையப்பட்டன. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கலாம்.

இதயத்தின் கீழறைகளுக்கு இடையே உள்ள சுவரில் துளை, வால்வு சரியாக உருவாகாமை ஆகிய இரண்டும் பூனைகளிடம் அதிகம் காணப்படுகின்றன. கூடப் பிறந்த குட்டிகளைவிட மெலிந்திருப்பது, சற்று விளையாடியதும் களைத்துப் படுப்பது இதன் அறிகுறிகள். சில குட்டிகளிடம் வெளியே எதுவுமே தெரியாது.

ஆகவே தடுப்பூசிக்குப் போகும்போதே இதயத் துடிப்பையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்போடு இரைச்சல் கேட்டால் உடனே பயப்பட வேண்டாம். சில குட்டிகளுக்கு வளர வளர அது மறைந்துவிடும். மறையாவிட்டால் எக்கோ ஸ்கேன் காரணத்தைக் காட்டும். கருத்தடைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் இதை அறிந்துகொள்வது முக்கியம்.

குட்டி தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொடர்ந்து 30க்கு மேல் இருந்தால் கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கோளாறு தெரிந்ததும் குட்டியை மீண்டும் தெருவில் விட வேண்டியதில்லை. சிறு துளையோடு பிறந்த பூனைகள் பல, முழு ஆயுளும் வாழ்கின்றன.