கணிப்பொறியின் முன் கழியும் வினாடிகள்

ஊசல் சோதனைக்குப் பயன்படுத்தும் நிறுத்துக் கடிகாரத்தை இன்று வேறொரு வேலைக்கு எடுத்துக் கொள்ளுங்கள். கணிப்பொறியில் கட்டுரை ஒன்றைத் தட்டச்சுச் செய்து கொண்டிருக்கும் நண்பரின் அருகில் நின்று, ஒரு சொல்லை நகலெடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். கை விசைப்பலகையை விட்டுச் சுட்டிக்குப் போகும். சுட்டி திரையின் மேற்பகுதிக்கு ஏறும். பட்டி திறக்கும். அதில் 'நகலெடு' என்னும் சொல்லைக் கண் தேடும். ஒரு சொடுக்கு. பிறகு கை மீண்டும் விசைப்பலகைக்குத் திரும்பும். மூன்று அல்லது நான்கு வினாடிகள் கழிந்திருக்கும்.

மூன்று வினாடி ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு கணிப்பொறிக்கு மூவர் என்றால், ஆளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 13 நிமிடமே. அப்போது வினாடிகளுக்கு மதிப்பு வந்துவிடுகிறது அல்லவா?

இந்த வினாடிகளை முறையாக அளந்தவர்கள் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள். 1980-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கணிப்பொறியில் செய்யும் எந்த வேலையையும் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி நேரத்தைக் குறித்தனர். தட்டச்சைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் ஒரு விசையை அழுத்த 0.28 வினாடி ஆகும். சுட்டியைத் திரையில் ஓர் இடத்திற்குக் கொண்டு செல்ல 1.1 வினாடி. கை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்கு மாற 0.4 வினாடி. சுட்டியின் பொத்தானை அழுத்தி விட 0.2 வினாடி.

இனி கணக்குப் போடுவோம். பட்டி வழியாக நகலெடுக்க, கை மாற்றம் இரண்டு, சுட்டி நகர்வு இரண்டு, சொடுக்கு இரண்டு, ஆக 0.8 + 2.2 + 0.4 = 3.4 வினாடி. கன்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தினால் 0.56 வினாடிதான். ஒவ்வொரு முறையும் 2.84 வினாடி மிச்சம். இருபது முறை நகலெடுத்து இருபது முறை ஒட்டினால் ஏறக்குறைய இரண்டு நிமிடம். உங்கள் 13 நிமிடத்தில் இது சிறிய பங்கன்று.

வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி, செய்ததைத் திரும்பப் பெற இசட் என்னும் நான்கு விசைகளும் கீழ்வரிசையின் இடக்கோடியில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வலக்கை சுட்டியால் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் போதே, இடக்கை அசையாமல் இவற்றை அழுத்தலாம், கைமாற்றமே வேண்டியதில்லை. வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் அவர் இதில் ஈடுபட்டார். 1980-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியில் இந்த நான்கு எழுத்துகளே இடம்பெற்றன. எக்ஸ் என்னும் எழுத்து திறந்த கத்தரிக்கோல் போல இருப்பதைக் கவனித்தால் மறக்காது. டெஸ்லர் 2020-இல் காலமானார். அவருடைய விசைகளை நாள்தோறும் அழுத்துகிற கோடிக்கணக்கானவர்களுள் அவர் பெயரை அறிந்தவர் சிலரே.

ஆனால், குறுக்குவிசைகள் எல்லாமே நேரத்தை மிச்சப்படுத்தும் என்று எண்ணிவிடாதீர்கள். மேற்சொன்ன அறிஞர்கள் இன்னோர் எண்ணையும் தந்துள்ளனர். அடுத்து என்ன செய்வது என்று மனத்தில் எண்ணிப் பார்க்க 1.35 வினாடி ஆகும். விசையை நினைவுகூர இரு முறை தயங்கினாலே ஆதாயம் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடும். ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் டாக்னாசினி, விசைப்பலகையே விரைவானது என்று மக்கள் உணர்ந்தாலும், கடிகாரமோ சுட்டியே விரைவானது என்று காட்டியதாக எழுதியிருக்கிறார். யோசிக்கும் நேரம் நம் உணர்வுக்குத் தெரிவதில்லையாம். அவர் முடிவு எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று நான் ஏற்கமாட்டேன். கை பழகிவிட்ட நான்கைந்து விசைகளில் தயக்கமே இல்லை. எனவே நூறு குறுக்குவிசைகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்வது வீண். அடிக்கடி செய்யும் வேலை எதுவோ, அதற்கு மட்டும் கற்றுக் கொள்ளுங்கள். தேடுவதற்கு கன்ட்ரோலுடன் எஃப். ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆல்ட்டுடன் டேப். கோப்பின் பெயரை மாற்ற எஃப்2. தொடக்கத்தில் இவை போதும்.

ஒரே ஒரு விசையை மட்டும் கணக்குப் பாராமல் பழகுங்கள். அது கன்ட்ரோலுடன் எஸ், அதாவது சேமித்தல். மின்சாரம் நின்றால் சேமிக்காத வேலை போய்விடக்கூடும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை சேமிப்பவர் மிகுதியாக இழப்பது ஐந்து நிமிட வேலை. சராசரியாக இரண்டரை நிமிடம். சேமிப்பதற்கோ அரை வினாடி. சில மென்பொருள்கள் தாமாகவே அவ்வப்போது சேமிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் அந்த வசதி இயங்குகிறதா என்பதை மின்சாரம் நின்ற பிறகு தெரிந்து கொண்டு பயனில்லை.

இதுவரை பார்த்தவை வினாடிக் கணக்கு. நிமிடங்கள் மிச்சமாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் இருப்பதில்தான். ஊசல் சோதனையையே எடுத்துக் கொள்வோம். ஆறு நீளங்களுக்கு, இருபது அலைவுகளுக்கான நேரத்தை அளந்துவிட்டீர்கள். அலைவு நேரம், அதன் வர்க்கம், நீளத்தை அந்த வர்க்கத்தால் வகுத்த ஈவு என்று வரிசைக்கு மூன்றாகப் பதினெட்டுக் கணக்குகள். எக்செல் அல்லது லிபர் ஆஃபீஸ் கால்க் போன்ற விரிதாளில், முதல் வரிசையில் மட்டும் சமக்குறியிட்டு மூன்று சூத்திரங்களை எழுதுங்கள். அந்த மூன்று கட்டங்களையும் அவற்றின் கீழுள்ள ஐந்து வரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலுடன் டி அழுத்துங்கள். பதினைந்து விடைகள் ஒரே நொடியில் நிரம்பும். ஓர் அளவீட்டைத் திருத்தினால் அதன் விடைகளும் தாமே திருந்தும். ஓர் எச்சரிக்கை: சூத்திரத்தில் பிழை இருந்தால் அதுவும் ஆறு வரிசைகளிலும் படியும். ஏதேனும் ஒரு வரிசையைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கட்டுரை முழுவதும் ஒரு பெயரைத் தவறாக எழுதிவிட்டால், கன்ட்ரோலுடன் எச் அழுத்தி ஒரே முறையில் எல்லா இடத்திலும் மாற்றுவதும் இதே வகைதான்.

தமிழில் தட்டச்சுச் செய்வோர்க்கு இன்னொரு வழி உண்டு. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன. ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி எழுதினால் ஐந்து வேண்டும். 'பக்கம்' என்பதற்கு ஐந்து. ஒலிப்பு முறையில் ஆறு. பக்கம் பக்கமாக எழுதுபவர்க்கு இந்த ஒரு விசை வேறுபாடு பெரிதாகத் தெரியும். விரல் பழகும் வரை வேகம் குறையத்தான் செய்யும். ஆகவே கோடை விடுமுறையில் தொடங்குங்கள். செய்முறைப் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் வேண்டாம்.