சஃபாரிக்கு முன் கணக்கைப் பாருங்கள்

மொம்பாசாத் தேயிலை ஏலத்தோடு தொடர்புள்ளவர்களும் தன்சானியாவுக்குக் கல் வாங்கப் போகிறவர்களும் நம்மவர்களில் பலர் இருக்கிறார்கள். அலுவல் முடிந்து இரண்டு மூன்று நாள் மிஞ்சினால், "இவ்வளவு தூரம் வந்தோம், சிங்கத்தையும் பார்த்துவிட்டுப் போவோம்" என்ற ஆசை எவருக்கும் வரும். சிலர் பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடும் போகிறார்கள்.

சஃபாரி என்றால் சுவாஹிலி மொழியில் பயணம். நாம் ஸபர் என்று சொல்லும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆயத்தமில்லாத ஸபரில் கைக்காசும் போகும், உடம்பும் கெடும். கென்யா, தன்சானியா இரண்டையும் மனதில் வைத்துச் சில விடயங்களை இங்கே தருகிறேன்.

எத்தனை நாள் கையில் இருக்கிறது?

நைரோபியில் அரை நாள் மட்டுமே கிடைத்தால் தூரம் போக வேண்டாம். நகரத்தின் ஓரத்திலேயே 117 சதுர கிலோமீற்றர் பரப்பில் நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, எருமை எல்லாம் உண்டு. யானை மட்டும் இல்லை. விடியற்காலையில் போனால் பகலுணவுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம்.

மொம்பாசாவில் இருப்பவர்களுக்குச் சாவோ வசதி. 2017இல் தொடங்கிய புதிய ரயிலில் வொய் நிலையத்தில் இறங்கினால் சாவோ கிழக்குப் பூங்காவின் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. தன்சானியாவின் அருஷாவுக்குப் போகிறவர்கள் தரங்கிரேயை ஒரே நாளில் பார்த்து வரலாம். மாசாய் மாராவுக்கு நைரோபியிலிருந்து தரைவழியே 5, 6 மணித்தியாலம் பிடிக்கும். மூன்று நாளுக்குக் குறைவாக அங்கே போவது வீண் அலைச்சல்.

பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் ஆற்றைக் கடக்கும் காட்சியை மாராவில் ஜூலை முதல் ஒக்டோபர் வரை பார்க்கலாம். அவை குட்டி போடுவது பெப்ரவரியை ஒட்டி, தெற்குச் செரெங்கெட்டிப் பக்கம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. பாதை சேறாகும், சில கேம்ப்களை மூடிவிடுவார்கள். ஆனால் விலை நன்றாக இறங்கும். நெருக்கமும் இராது.

கொட்டேஷனை வாசிக்கும் விதம்

கடைக்குச் சரக்கு எடுக்கும்போது விலைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று வரி வரியாகக் கேட்கிறோம். சஃபாரி கொட்டேஷனையும் அப்படியே வாசிக்க வேண்டும். மலிவாகத் தெரியும் கொட்டேஷனில் பெரும்பாலும் பூங்காக் கட்டணம் இராது.

2024இல் அமுலுக்கு வந்த கட்டணப்படி, மாசாய் மாராவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டொலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டொலர். அனுமதிச்சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையிலான 12 மணித்தியாலத்துக்குத்தான். வளர்ந்தவர்கள் நான்கு பேர் ஓகஸ்டில் மூன்று நாள் பார்த்தால் கட்டணம் மட்டும் 2,400 டொலர். அதையே ஜூனில் பார்த்தால் 1,200. தன்சானியாவின் நிகொரொன்கோரோவில் ஆளுக்குரிய கட்டணத்துக்கு மேலாக, வாகனம் பள்ளத்துக்குள் இறங்குவதற்கென்று வரியுடன் 300 டொலரை நெருங்கும் தனிக் கட்டணம் இருக்கிறது. இதைத் தெரியாமல் கையொப்பமிட்டவர், இலாபமென்று நினைத்த இடத்தில் நட்டப்பட்டு நிற்பார்.

முற்பணம் அனுப்புமுன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

1. பூங்காக் கட்டணம் எத்தனை நாளுக்கு, எத்தனை பேருக்குச் சேர்ந்திருக்கிறது?
2. வாகனம் லேண்ட் குரூஸரா, வானா? எத்தனை பேர் ஏறுவார்கள்? ஒவ்வொருவருக்கும் ஜன்னல் ஆசனம் உண்டா?
3. தங்குமிடத்தின் பெயர் என்ன? அது பூங்காவுக்கு உள்ளேயா, வெளியேயா?
4. எரிபொருள், குடிநீர், பகலுணவு யார் கணக்கில்?
5. பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

கென்யாவில் முகவர் நிறுவனங்களின் சங்கம் காட்டோ, தன்சானியாவில் டாட்டோ. முகவர் அங்கத்தவரா என்பதைச் சங்கத்திடமே விசாரியுங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தனியாளின் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சாரதிக்கு அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழமை. ஒரு பயணிக்கு நாளொன்றுக்கு 10 டொலர் அளவில் ஒதுக்கி வைத்தால் கடைசி நாளில் தடுமாற வேண்டியதில்லை.

பத்திரமும் பணமும்

கென்யா 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டு இணையவழிப் பயண அனுமதியைக் கொண்டு வந்தது. புறப்படுமுன் அது கையில் இருக்க வேண்டும். தன்சானியாவுக்கு விசா வேண்டும். விமான நிலையத்தில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வியாபார அலுவலுக்கு அங்கே வேறு வகை விசா இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய்க் கல் பேரம் பேசுவது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

2009க்கு முன் அச்சிட்ட டொலர் தாள்களைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். கிழிசலும் மை எழுத்தும் இல்லாத புதிய தாள்களாகப் பார்த்து எடுங்கள். கென்ய அரசின் பூங்காக்களில் கட்டணத்தைக் காசாக வாங்குவதில்லை. முன்கூட்டியே இணையத்தில் கட்ட வேண்டும்.

நேரம் குறிக்கும்போதும் கவனம். சுவாஹிலிக் கணக்கில் சூரிய உதயத்திலிருந்து மணி தொடங்குகிறது. அவர்களுடைய ஒரு மணி நமக்குக் காலை ஏழு. சாரதி சொல்லும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன?

பிளாஸ்டிக் பை கொண்டு போகாதீர்கள். கென்யா 2017 ஓகஸ்டிலும் தன்சானியா 2019 ஜூனிலும் அவற்றைத் தடை செய்தன. வரியில்லாக் கடையில் தந்த பையாக இருந்தாலும் விமானத்திலேயே விட்டுவிடுங்கள். கென்யப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பாவிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் 2020 ஜூனிலிருந்து தடை.

பூங்காவுக்குச் சிறு விமானத்தில் போனால், கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ அளவுதான். கடினமான சூட்கேஸ் ஏற்றமாட்டார்கள். மடங்கும் துணிப்பை எடுங்கள். கறுப்பும் கடும் நீலமும் செட்சி ஈயை இழுக்கும். மண் நிறம், சாம்பல் நிறம் நல்லது. இராணுவப் புள்ளி உடுப்பு வேண்டவே வேண்டாம். நிகொரொன்கோரோவின் விளிம்பு நுவரெலியாவை விட உயரம். ஆபிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போனவர் விடியற்காலையில் நடுங்குவார். ஒரு ஜக்கெட் அவசியம்.

நைரோபியிலும் மொம்பாசாவிலும் ஹலால் உணவுக்குக் குறைவில்லை. காட்டுக்குள் உள்ள லொட்ஜில் அப்படி எதிர்பார்க்க முடியாது. அறை பதியும்போதே எழுதிக் கேளுங்கள்.

காட்டுக்குள்

வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. சத்தமும் கூடாது. "கிட்டப் போ, கிட்டப் போ" என்று சாரதியை நெருக்காதீர்கள். விதியை மீறினால் தண்டப்பணம் வரும், அவருடைய தொழிலும் போகும். வேலியில்லாத கேம்ப்பில் இருட்டிய பின் கூடாரத்தை விட்டு வெளியேற நேர்ந்தால், அஸ்கரி எனப்படும் காவலாளியை அழைத்துக்கொண்டே நடக்க வேண்டும். இரவில் நீர்யானையும் எருமையும் மேயவரும்.

யானைத் தந்தம், தோல், கொம்பு, பல் எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் பற்றுச்சீட்டு தந்தாலும் சட்டம் ஏற்காது. இரத்தினக்கல் வாங்கினால் உரிய ஏற்றுமதிப் பத்திரம் இல்லாமல் ஒன்றையும் பையில் போடக்கூடாது.

உயிர் விடயம்

கென்யாவிலிருந்து இலங்கைக்குள் வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். கென்யாவிலிருந்து தன்சானியாவுக்குப் போனாலும் கேட்பார்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த ஊசியைப் போடலாம். போட்டு 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பின் ஆயுள் முழுவதும் பயன்படும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

மலேரியாவுக்குத் தடுப்பூசிக்குப் பதில் மாத்திரைதான். மலேரியா தடை இயக்கம் பயணிகளுக்கு இதை இலவசமாகத் தருகிறது. போகுமுன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதுதான் நம்மவர்களின் வழக்கமான பிழை.

இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் இங்கே காய்ச்சல் என்றதும் வைத்தியர்கள் முதலில் நினைப்பது டெங்குவைத்தான். ஆபிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் 2023இல் மலேரியாவால் உயிரிழந்த செய்தி பலருக்கு ஞாபகமிருக்கும். திரும்பி வந்த சில வாரங்களில், ஏன், சில மாதங்கள் கழித்தும் காய்ச்சல் கண்டால், பனடோல் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியரிடம் போய், அவர் கேட்காவிட்டாலும், "நான் ஆபிரிக்கா போய் வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் சோதியுங்கள்" என்று சொல்லுங்கள். வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். காய்ச்சல் முற்றினால் வைத்தியரிடம் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான்.