முகங்கள் பதித்த சுவர்

சத்துருக்கொண்டானில் ஒரு நினைவுத்தூபி உண்டு. 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி அக்கிராமத்திலும் கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடியிலும் இருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டவர்களுக்காக அங்கு விளக்கேற்றப்படுகிறது. ஆனால், பிள்ளையை இன்னும் தேடும் தாய் எங்கே விளக்கேற்றுவாள்? ஏற்றினால் அவன் இல்லையென்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

இந்தக் கேள்வி தெற்கிலும் எழுந்தது. 1989 ஒக்டோபர் 27இல் சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளருக்காகக் குரல்கொடுத்த ரஞ்சித், லயனல் ஆகிய இருவர் கொல்லப்பட்டு, சீதுவைக்கு அருகே ரத்தொலுவச் சந்தியில் எரிக்கப்பட்டனர். அதே இடத்தில்தான் 2000ஆம் ஆண்டு காணாமற்போனோர் நினைவுச்சின்னம் எழுந்தது. வடிவமைத்தவர் சிற்பி சந்திரகுப்த தேனுவர. சுவரிலுள்ள முகங்களோ குடும்பத்தார் கொடுத்த படங்கள். ஒவ்வோர் ஒக்டோபர் 27இலும் உறவினர் பூவும் விளக்குமாக வருகிறார்கள். அங்கே மரணச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

எம்பிலிப்பிட்டிய மாணவர்களுக்காக 1999இல் பத்தரமுல்லையில் ஜகத் வீரசிங்க அமைத்த சின்னம் பராமரிப்பின்றிக் கிடந்து, பின்னர் அகற்றப்பட்டது. அழகில் அது குறைந்ததல்ல. அன்றாடம் கூட்டிப் பெருக்க அயலில் உரிமைக்காரர் இல்லாததே குறை என்பது என் எண்ணம்.

வாவிக் கரையில் எந்த மாதர் சங்கமாவது இப்படியொன்றை யோசித்தால், சிற்பியைத் தேடுமுன் தாய்மாரைக் கூட்டிக் கேளுங்கள்: எந்த இடம், படமா பெயரா? இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் படங்களை இழந்தவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கும் சுவரில் இடம் விடவேண்டும். ஒரேயொரு படம் வைத்திருப்பவர்கள் அதன் பிரதியை மட்டும் கொடுங்கள். மூலப்படம் வீட்டிலேயே இருக்கட்டும்.