சாரலில் மூச்சு விடும் ட்ரான்ஸ்ஃபார்மர்

குற்றாலம் சீசனுக்குக் கண்டிப்பா ஒரு தடவையாவது போயிருப்பீங்க. ஐந்தருவியில் குளிச்சு, ஈரத்துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, சூடா பஜ்ஜி சாப்பிட நின்ன இடத்துல ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்திருக்கும். கவனிச்சிருக்க மாட்டீங்க. நான் தென்காசிக்காரன், மூணு வருஷமா எலெக்ட்ரிக்கல் படிச்சவன். நானே கவனிச்சதில்லை.

அடுத்த தடவை தூரத்தில் நின்றே பாருங்கள். மேலே படுத்த மாதிரி ஒரு சின்ன உருளை இருந்தால், அதிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி வரும். குழாயின் முனையில் கண்ணாடி டப்பா. டப்பாவுக்குள் சின்னச் சின்ன மணிகள். அந்த மணிகள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்பது அந்தத் தெருவுக்கே முக்கியமான விஷயம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உள்ளே எண்ணெய் எதற்கு?

தெருவில் நிற்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. உள்ளே காகிதம் சுற்றிய கம்பிச் சுருள்கள் எண்ணெயில் முழுசா மூழ்கி இருக்கும். எண்ணெய்க்கு ரெண்டு வேலை. ஒன்று, மின்சாரம் தாவாமல் தடுப்பது. இன்னொன்று, சூட்டை வெளியே கொண்டு போவது. சூடான எண்ணெய் மேலே ஏறும், பக்கத்துக் குழாய்களில் ஆறி, திரும்பக் கீழே இறங்கும். உலையில் தண்ணி சுழலுவது போலத்தான்.

காற்றில் 2.5 மி.மீ இடைவெளி விட்டு இரண்டு உலோக முனைகளை வைத்தால், 10 கிலோவோல்ட்டுக்குள் பொறி தாவிடும். அதே இடைவெளியில் சுத்தமான, உலர்ந்த எண்ணெய் இருந்தால் 60, 70 கிலோவோல்ட் வரைக்கும் தாங்கும். இதை அளப்பதுதான் நம்ம லேப்ல பண்ற பி.டி.வி. டெஸ்ட். ஐ.இ.சி. 60156 தரப்படி வோல்ட்டேஜை நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் ஏற்றணும். ஆறு முறை பொறி தாவவிட்டு சராசரி எடுக்கணும்.

என் புங்க எண்ணெய்க் கதை

ட்ரான்ஸ்ஃபார்மரில் காலங்காலமாக ஊற்றுவது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் மினரல் ஆயில். அதற்குப் பதிலா தாவர எண்ணெய் ஊற்ற முடியுமா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. நம்ம பக்கத்திலேயே கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரியில் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். இலங்கையில் மொரட்டுவ பல்கலைக்கழகத்தினர் 2001-லேயே தேங்காய் எண்ணெயைச் சோதித்துப் பார்த்தார்கள். நாங்களும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குப் புங்க எண்ணெயைப் பிடித்துக்கொண்டோம்.

ஊரில் செக்கில் வாங்கிய எண்ணெயை ரெண்டு வாரம் திண்ணையில் வைத்திருந்து, காலேஜுக்கு எடுத்து வந்து டெஸ்ட் செல்லில் ஊற்றினேன். முதல் ரீடிங்கே 20 கிலோவோல்ட்டைத் தாண்டவில்லை. லேப் அண்ணன் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, எந்த ஊரு எண்ணெய்?"

"தென்காசிண்ணே."

"எந்த மாசம் வாங்குன?"

"ஆடிண்ணே."

சிரிச்சுட்டார். "நீ எண்ணெயை டெஸ்ட் பண்ணல தம்பி. குற்றாலச் சாரலை டெஸ்ட் பண்ணியிருக்க."

பாட்டில் மூடியை நான் சரியாகத் திருகியிருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கொஞ்சூண்டு தண்ணி என்ன செய்யும்?

மினரல் ஆயிலில் அறை வெப்பத்தில் சுமார் 55 பி.பி.எம். தண்ணீர்தான் கரையும். அதாவது பத்து லட்சம் பங்கு எண்ணெயில் 55 பங்கு. அதற்கு மேல் போனால் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரியும். எண்ணெயில் மிதக்கிற காகித நார்த் துணுக்குகள் இந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

இங்கேதான் விஷயம் இருக்கு. எண்ணெயின் மின்காப்பு மாறிலி சுமார் 2.2. தண்ணீருக்கு 80. அதனால் ஈரமான நார்களை மின்புலம் தன் பக்கம் இழுக்கும். எங்கே புலம் அதிகமோ அங்கே போய் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பாலம் ரெடி. மின்சாரம் அது வழியாக நடந்து போயிடும்.

காகிதத்தின் பாடு இன்னும் மோசம். ஈரமும் சூடும் சேர்ந்து அதன் நார்ச் சங்கிலிகளை வெட்டும். வெட்டும்போது மேலும் தண்ணீர் உண்டாகும். காகிதத்தில் ஈரம் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். சுருளில் சுற்றிய காகிதத்தை மாற்ற முடியாது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

ட்ரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும். மேலே இருக்கும் அந்த உருளையில் பாதி எண்ணெய், மீதி காற்று. லோடு ஏறினால் எண்ணெய் சூடாகி விரியும், காற்று வெளியேறும். லோடு குறைந்தால் எண்ணெய் சுருங்கும், வெளிக்காற்று உள்ளே போகும்.

இதைக் குற்றாலத்தில் வைத்து யோசிச்சுப் பாருங்க. சீசன்ல சாயங்காலம் லாட்ஜ் எல்லாம் நிறைஞ்சு, ஹீட்டர் ஓடி, கடை விளக்குகள் எரிஞ்சு, லோடு ஏறும். நடுராத்திரி எல்லாம் அணையும். ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காற்று சாரலோட சில்லுன்னு அடிக்கும். அந்த நேரத்தில்தான் ட்ரான்ஸ்ஃபார்மர் மூச்சை உள்ளே இழுக்கிறது. இழுக்கிற காற்று முழுக்க ஈரம்.

அந்த ஈரத்தை வாசலிலேயே நிறுத்துவதுதான் கண்ணாடி டப்பாவின் வேலை. உள்ளே இருப்பது சிலிக்கா ஜெல். புது ஷூ டப்பாவில் சின்னப் பொட்டலமா வருமே, அதே சரக்கு. உலர்ந்திருந்தால் நீலம், ஈரத்தைக் குடித்து முடித்தால் இளஞ்சிவப்பு. நீல நிறம் தரும் கோபால்ட் குளோரைடு உடம்புக்குக் கெடுதல் என்பதால், இப்போது ஆரஞ்சு நிற ஜெல்லும் வருகிறது. நிறம் மாறிவிட்டால் ஜெல்லை மாற்றணும், இல்லைன்னா சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடணும். மாற்றாமல் விட்டால் டப்பா தொங்கும், ஆனால் வேலை செய்யாது.

அப்போ தாவர எண்ணெய்?

என் எண்ணெயை வெற்றிடத்தில் சூடாக்கி, ஈரத்தை எடுத்து, வடிகட்டித் திரும்ப டெஸ்ட் பண்ணினோம். ரீடிங் ஜம்முனு ஏறியது. "மினரல் ஆயிலுக்கு மாற்று கண்டுபிடிச்சாச்சு"ன்னு டீம்ல எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சந்தோஷப்பட நியாயமும் இருக்கு. தாவர எண்ணெயில் சுமார் 1,000 பி.பி.எம். வரை தண்ணீர் கரையும். 30 பி.பி.எம். தண்ணீர் மினரல் ஆயிலில் பாதி வயிற்றுக்கு மேல். தாவர எண்ணெய்க்கு அது 3 சதவீதம்தான். காகிதத்தில் இருக்கும் ஈரத்தையும் அது தன் பக்கம் இழுத்து, காகிதத்தைக் காப்பாற்றும். தீப்பற்றி எரியும் வெப்பநிலை மினரல் ஆயிலுக்கு ஏறக்குறைய 170 டிகிரி, இதற்கு 300 டிகிரிக்கு மேல். மண்ணில் கொட்டினாலும் மக்கிப் போகும்.

அடுத்த நாள் அமிலத்தன்மை பார்த்தோம். ட்ரான்ஸ்ஃபார்மருக்கான தாவர எண்ணெய்த் தரமான ஐ.இ.சி. 62770, ஒரு கிராம் எண்ணெய்க்கு 0.06 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அளவுக்குத்தான் அமிலத்தை அனுமதிக்கிறது. செக்குப் புங்க எண்ணெய் அதைவிடப் பல மடங்கு. குழகுழப்பும் அதிகம். அதனால் எண்ணெய் மெதுவாகச் சுழலும், சூடு மெதுவாகத்தான் வெளியேறும். தேங்காய் எண்ணெய்க்கு வேற பிரச்சினை. மார்கழியில் பாட்டிலோட வெயில்ல வைக்கிறோமே, அந்த எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும்.

எல்லாத்தையும்விடப் பெரிய சிக்கல் மூச்சுதான். சமையலறையில் எண்ணெய் பாட்டில் மூடியைச் சுற்றிப் பிசுக்கு ஒட்டுமில்லையா? தாவர எண்ணெய் காற்றோடு சேர்ந்தால் அப்படித்தான் கெட்டியாகும். தினமும் மூச்சு விடும் ட்ரான்ஸ்ஃபார்மரில் அதை ஊற்ற முடியாது. காற்றே புகாமல் மூடிய தொட்டி வேண்டும். சுத்திகரித்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கலந்த தாவர எண்ணெய் வெளிநாட்டிலும் இந்தியாவிலும் இப்படித்தான் பயன்படுகிறது. எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது, பெட்டியையும் மாற்றணும்.

ஒரே நம்பரை நம்பாதீங்க

தீப்பிடிக்காத எண்ணெய் என்று ஒரு காலத்தில் பி.சி.பி. என்ற திரவத்தை உலகம் கொண்டாடியது. நல்ல மின்காப்பும் கூட. பிறகுதான் அது மண்ணிலும் மீனிலும் மனித உடம்பிலும் மக்காமல் தங்கிவிடுகிறது என்று தெரிந்தது. அமெரிக்கா 1979-ல் அதன் உற்பத்தியைத் தடை செய்தது. 2001-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவும் 2016-ல் தனி ஆணை போட்டது. ஒரு குணத்தை மட்டும் பார்த்ததற்கு உலகம் கொடுத்த விலை அது.

ஜூனியர்ஸ், உங்களில் சிலர் அடுத்த வருஷம் இதே தலைப்பை எடுப்பீங்க. தாராளமா எடுங்க. பி.டி.வி. நல்லா வந்ததும் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துடாதீங்க. தண்ணீர் அளவு, அமிலம், குழகுழப்பு, உறைநிலை, காற்றில் வைத்தால் என்னாகும் என்பது வரை பாருங்க. எங்க ரிப்போர்ட்டில் கடைசி வரி, "செக்கு எண்ணெய் இந்த நிலையில் பொருந்தாது" என்பதுதான். மார்க் குறையும்னு பயந்தேன். குறையலை.

லீவுக்கு ஊருக்குப் போனப்போ எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மரை முதல் தடவையா நிமிர்ந்து பார்த்தேன். மணிகள் இளஞ்சிவப்பு. மின்வாரிய ஆபீஸில் போய்ச் சொன்னேன். ஒரு அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார். நாலாவது நாள் நீலமாக இருந்தது.

நீங்களும் பாருங்க. கிட்டப் போகாதீங்க, தொடாதீங்க. நிறத்தை மட்டும் பார்த்து, மாறியிருந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க.